என் வீட்டுக்காரர் பெயர்

கிள்ளானில் நாடகக் கொட்டகைக்கு எதிர்ச்சுவரில் ஒரு பாம்புப் படம் ஒட்டியிருந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு காலிச் சிம்மாசனம், அதைச் சுற்றிப் படுத்திருக்கும் ஒரு பாம்பு, வேறு ஒன்றுமே கிடையாது. பாசாருக்கு மீன், காய் வாங்கப் போகிற பெண்கள் அதைத் தாண்டும்போது இடுப்பிலிருக்கும் பிள்ளையை இறுக்கிக்கொண்டு போவார்கள். அதன் அடியில் ‘ராதாகிருஷ்ணன் ஸ்டூடியோ, பிரிக்பீல்ட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பச்சைப் பொய். அந்தப் பாம்பின் ஒரு செதிலைக்கூட ராதாகிருஷ்ணன் எழுதவில்லை. எழுதினவர் என் வீட்டுக்காரர்.

உன் வீட்டுக்காரருக்குப் பெயர் கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நல்ல பெயர், குலசாமிக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயர். சொல்ல வேண்டிய இடம் வரட்டும், சொல்கிறேன். என் பெயர் மாரியாயி. இதைத் தாராளமாகச் சொல்லலாம், யாருடைய ஆயுசும் குறையாது. புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால்தான் அவன் ஆயுசு குறையுமாம். அப்படித்தான் என்னை வளர்த்தார்கள். மெய்யா பொய்யா என்று தன் புருஷனை வைத்து எவள் சோதித்துப் பார்ப்பாள்? கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவர் ‘இவங்க’, இல்லாவிட்டால் ‘எங்க வீட்டுக்காரர்’. தூரத்தில் போகிறவரைக் கூப்பிட வேண்டுமானால் கையைத் தட்டுவேன்.

ஜனத்தொகைக் கணக்கு எடுத்த வருஷம் தம்பு என்று ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க்கு வந்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “உங்கட மனுசன்ர பேர் என்ன?” என்று கேட்டார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். “சொல்லுங்கோ அம்மா, எனக்கு இன்னும் எத்தனையோ வீடு கிடக்குது” என்றார். அவர் ஊரிலும் பெண்கள் இப்படித்தானே இருப்பார்கள், ஆனால் உத்தியோகம் என்று வந்துவிட்டால் அதெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது. கடைசியில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தங்கமணிதான் என் வீட்டுக்காரர் பெயரைக் கத்திச் சொன்னாள். அடுத்தது அவள் வீடு. அவள் புருஷன் பெயரை நான் கத்திச் சொன்னேன். எங்கள் வரிசை முழுக்க இப்படித்தான் கணக்கு எடுத்தார்கள்.

இவர் பிறந்தது காப்பார் ரோட்டில் ஒரு தோட்டம். இவருடைய அப்பாவை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கங்காணிக்கு அவர் ‘ஏலே’. கணக்கு எழுதுகிற கிராணிக்கு ‘டேய்’. துரை விரலைச் சொடுக்குவான். குளிர்காய்ச்சலில் செத்தார், கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். அடுத்த வருஷம் அந்த இடத்தையும் சேர்த்துக் கொத்தி ரப்பர்க் கன்று நட்டுவிட்டார்கள். எந்த மரத்தடியில் தகப்பன் கிடக்கிறார் என்று இவருக்கு இன்றுவரை தெரியாது. இதைச் சொல்லும்போது இவர் குரல் ஏறாது இறங்காது. கேட்கும்போதெல்லாம் நான்தான் அந்தத் துரையைச் சபிப்பேன்.

லயத்துச் சுவரில் இவர் அடுப்புக்கரியால் கிராணியை எழுதியிருக்கிறார், முகம் இல்லாமல், வெறும் தொந்தியும் பிரம்பும் மட்டும். தோட்டமே அடையாளம் கண்டுபிடித்துச் சிரித்தது. கிராணியும் கண்டுபிடித்தான். அதே பிரம்பால் முதுகை உரித்துவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பும் அடிக்கச் சொன்னான். அடித்துக் கொடுத்துவிட்டுத் தோட்டத்தை விட்டுக் கிளம்பியவர், கோலாலம்பூர் வந்து ரயில்வேயில் சேர்ந்தார். அங்கே சாமான் வண்டிகளின் பக்கப் பலகையில் நம்பர் எழுதுகிற வேலை. வருஷக்கணக்காக அதுதான். என்னைக் கட்டிக்கொண்ட புதிதில் ஒரு நாள் சொன்னார்:

“ஊர்ல ஓடற வண்டிக்கெல்லாம் நம்பர் போட்டாச்சு புள்ள. ஒரு இடத்திலயாவது என் பேரைப் போட்டுப் பார்க்கணும்.”

அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். வீடு கேட்டாரா, வாசல் கேட்டாரா? ஒரு மூலையில் தன் பெயர். அதற்கு இந்த ஊர் படுத்திய பாடு இருக்கிறதே.

ரயில்வேயை விட்டுச் சீனர் ஒருவருடைய பெயர்ப்பலகைக் கடைக்குப் போனார். அந்தக் கடை முதலாளி, டவுக்கே என்போம், நல்ல மனுஷன், இவர் கையைப் பார்த்துவிட்டு, நாடகக் கம்பெனிகளுக்குப் பெரிய தட்டி எழுதும் வேலையை இவரிடமே விட்டுவிட்டார். தட்டி என்றால் மூங்கில் சட்டத்தில் காகிதத்தை ஒட்டி எழுதுகிற விளம்பரப் படம். மாட்டு வண்டியில் அதைக் கட்டி, முன்னால் பேண்டு அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். மற்றவர்கள் எழுதுகிற தட்டியில் ராஜா, ராணி, மந்திரி, கோமாளி, யானை எல்லாரும் பாசார் கூட்டம் மாதிரி இடித்துக்கொண்டு நிற்பார்கள். இவர் ஒன்றே ஒன்றுதான் எழுதுவார்.

“கதையில நடக்கிறதை எல்லாம் தட்டியிலயே எழுதிட்டா அவன் எதுக்குக் கொட்டகைக்கு வரான்? ஒண்ணு போட்டா போதும். அது அவனைத் தூங்க விடக்கூடாது” என்பார்.

தம்பியைக் கொன்ற ராஜா கதை ஒன்று வந்தது. இவர் ஒரு கையை மட்டும் எழுதினார். கழுவக் கழுவச் சிவப்புப் போகாத கை. எங்கள் தங்கமணி அதைப் பார்த்த அன்று மீன்கூட ஆயவில்லை.

டவுக்கே கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போனதும் வந்து சேர்ந்தான் ராதாகிருஷ்ணன். மதராசிலிருந்து வந்தவன். மஸ்ஜித் இந்தியா பக்கம் துணி எடுத்துக் கோட்டுத் தைத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் போட்டோ ஸ்டூடியோ திறந்தான். இங்கிலீஷ் பேசுவான். கொட்டகை மேனேஜர்களுக்கெல்லாம் அவன் வேண்டியவன். தட்டி ஆர்டர் எல்லாம் அவன் கைக்குப் போயிற்று, எழுதுவதற்கு மட்டும் இவர். ஒரு தடவை இவரே நேராக ஒரு மேனேஜரிடம் போய்க் கேட்டார். அந்த மேனேஜர் இவருடைய வெறுங்காலைப் பார்த்துவிட்டு, “ராதாகிருஷ்ணனைக் கூட்டிட்டு வா” என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

படம் முடிந்ததும் இவர் வலது மூலையில் சிவப்பு வர்ணத்தில் தன் பெயரைச் சின்னதாக எழுதுவார். ராதாகிருஷ்ணன் வருவான், கறுப்பு வர்ணத்தில் தூரிகையைத் தோய்த்து ஒரே இழுப்பில் அதை அழிப்பான். அடியில் நடுவில் தன் ஸ்டூடியோ பெயரைப் போடுவான். அவனுக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

“இது தோட்டத்துப் பேருப்பா. இதைப் போட்டா கொசு மருந்து தெளிக்கிற ஆளு எழுதினதுன்னு நினைப்பாங்க. அடுத்த படத்துல பார்க்கலாம் லா” என்பான்.

அடுத்த படத்திலும் இவர் எழுதுவார். அடுத்த படத்திலும் அவன் அழிப்பான். நான் வர்ணத்தில் கலக்க வச்சிரப் பசை காய்ச்சிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். மாட்டுத்தோல் வேகிற அந்த நாற்றம் பழகிவிட்டது. அந்த ஒரு இழுப்பு மட்டும் எத்தனை வருஷம் பார்த்தும் பழகவில்லை. கொதிக்கிற சட்டியை அவன் கோட்டின் மேல் கவிழ்த்தால் என்ன என்று தோன்றும். “வேலை போயிடும், சும்மா இரு” என்பார் இவர்.

அப்போதுதான் நல்லம்மாள் கம்பெனி கிள்ளானுக்கு வந்தது. நல்லம்மாள் தானே வேஷம் கட்டி, தானே கம்பெனியும் நடத்துகிறவள். ஆண்பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து வேலை வாங்குகிறவள் என்று பெயர். புது நாடகத்தில் அவளுக்கு ராணி வேஷம், பாம்பு கடித்துச் சாகிறாள். அதற்குத்தான் இவர் அந்தப் பாம்பை எழுதினார். ராதாகிருஷ்ணன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

“ராணி எங்கேய்யா? அந்தம்மா மூஞ்சி எங்கே?”

“ராணிதான் செத்துட்டாளே. அதான் நாற்காலி காலியா இருக்கு” என்றார் இவர்.

திருத்தி எழுத நேரமில்லை. இவருக்கோ அன்றைக்கே குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. கோணிச் சாக்கு அத்தனையும் மேலே போட்டும் பல் கிட்டியது. காய்ச்சலோடு எழுந்து மூலையில் பெயரை எழுதினார், ராதாகிருஷ்ணன் அதை அழித்துவிட்டு முன்னால் கிள்ளானுக்குப் போய்விட்டான். இது சட்டமில்லாமல் சுவரில் ஒட்டுகிற படம், காய்ந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு போக வேறு ஆள் இல்லை. தங்கமணியை இவருக்குக் கஞ்சி கொடுக்கச் சொல்லிவிட்டு, நான்தான் பசை வாளியும் சுருளுமாக ரயில் ஏறினேன்.

கிள்ளானில் கூலியாட்கள் படத்தைச் சுவரில் ஒட்டி முடிக்கும்போது நல்லம்மாள் வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் கூட்டம் சேர்ந்தது. ராதாகிருஷ்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான், திட்டு விழப்போகிறது என்று அவனுக்குப் பயம். நல்லம்மாள் திரும்பிக் கேட்டாள்:

“இத்தனை வருஷமா என் மூஞ்சியை எழுதினவங்களைத்தான் பார்த்திருக்கேன். என் நாடகத்தை எழுதினவரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். அடியில ஸ்டூடியோ பேர் இருக்கு, சரி. எழுதினது யாரு?”

ராதாகிருஷ்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். “எங்க வீட்டுக்காரர்மா.”

“பேரைச் சொல்லு. இனிமே என் கம்பெனித் தட்டி அத்தனையிலும் அவர் பேரைப் போடச் சொல்றேன். பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், நாங்க போற ஊர்லயெல்லாம் அந்தப் பேர் நிக்கும்.”

கேட்டீர்களா? அவர் பிறந்தது முதல் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒன்றை ஒருத்தி கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. வீட்டில் அவர் காய்ச்சலில் தூக்கித் தூக்கிப் போடக் கிடக்கிறார். அந்த நேரத்தில் நடுத்தெருவில் நின்று அவர் பெயரைச் சொல்வதா? சொல்லி, திரும்பிப் போகும்போது அவர் கிடக்கிற கிடை வேறாக இருந்தால்? கூட்டத்தில் பிரிக்பீல்ட்ஸ் முகம் ஒன்று தென்படுகிறதா என்று தேடினேன். தங்கமணி இருந்தால் கத்தியிருப்பாள். ஒருவரும் இல்லை.

ராதாகிருஷ்ணன் என் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான். அவன் பயமெல்லாம் போய்விட்டது. சிரித்துக்கொண்டே சொன்னான்:

“சொல்லு மாரியாயி. அம்மா கேக்கறாங்கல்ல? உன் புருஷன் பேரைச் சொல்லு.”

அவனுக்குத் தெரியாத பெயரா அது? படத்துக்குப் படம் கறுப்பு வைத்து அழித்த பெயர். நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்துதான் கேட்கிறான். ஆண்கள் இளித்தார்கள். எவனோ ஒருவன், “வெக்கப்படுது” என்றான். நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“பார்த்தீங்களாம்மா?” என்றான் ராதாகிருஷ்ணன். “என்கிட்ட வர்ணம் கலக்கிற ஆளோட சம்சாரம். ஏதோ ஆசையில சொல்லுது, பாவம். எழுதினது அடியேன்தான்.”

நல்லம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளும் நம் ஊரில் பிறந்தவள்தானே, புரிந்திருக்கலாம். புரியவில்லையோ, புரிந்துகொள்ள நேரமில்லையோ, அவன் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. இவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி ஓய்ந்திருப்பேன். “நீ என்ன பண்ணுவே, விடு” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கஞ்சிக் குண்டானைத் தூக்கி வாசலில் எறிந்தேன். யார் மேல் எறிவது என்று தெரியாமல்தான் வாசலில் எறிந்தேன்.

பிறகு இவருக்கு உடம்பு தேறியது. நல்லம்மாள் கம்பெனிக்கு ஊர் ஊராகத் தட்டிகள் போயின, ஒவ்வொன்றிலும் ராதாகிருஷ்ணன் பெயர். எழுதுவதை இவர் விடவில்லை. மூலையில் பெயர் எழுதுவதை மட்டும் விட்டுவிட்டார். படத்தை முடித்துவிட்டுத் தூரிகையைக் கழுவிவிடுவார். அந்த மூலை வெறுமனே கிடக்கும். அழிக்கிற வேலைகூட அந்தப் பாவிக்கு மிச்சம். அவன் அழித்த காலத்தைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. போன வருஷம் நல்லம்மாள் கம்பெனி மறுபடி வந்தபோது, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சபை ராதாகிருஷ்ணனுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட மண்டபம், சரிகைப் பொன்னாடை, ‘சித்திர வேந்தர்’ என்று பட்டம். மேடைக்குப் பின்னால் தொங்கவிட அந்தப் பழைய பாம்பையே பெரிய துணியில் எழுதித் தரும்படி கேட்டான். யாரிடம்? இவரிடம்தான். ஒருத்தன் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கித் தின்றுவிட்டு, இலையையும் நீயே எடு என்று சொல்வது மாதிரி. இவர் அதையும் எழுதிக் கொடுத்தார். துணி சுருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, கூட்டத்தன்றைக்கு இவரை மேடை ஓரத்தில் தரையில் உட்கார வைத்தார்கள், பக்கத்தில் பசை வாளி.

நான் தங்கமணியோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். சபைக்குச் செயலாளர் யார் என்கிறீர்கள்? அன்றைக்குக் கணக்கெடுக்க வந்தாரே, அதே தம்பு. “இந்தச் சித்திரங்களைத் தீட்டிய கரம்” என்று ஆரம்பித்து நீட்டி முழக்கினார். அந்தக் கரம் அவருடைய காலடியில் பசை வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசை நாற்காலியில் நல்லம்மாள். ராதாகிருஷ்ணன் சந்தனம் பூசிக்கொண்டு சிரித்தபடி இருந்தான். கடைசியில் தம்பு, “எங்கட ஓவியரைப் பற்றி வேற ஆரும் இரண்டு வார்த்தை பேச விரும்பினால் பேசலாம்” என்றார். அது ஒரு மரியாதைக்குச் சொல்வது. யாரும் எழுந்திருக்கக் கூடாது.

நான் எழுந்தேன்.

“நான் பேசறேன். அந்தப் பாம்பை எழுதினது என் புருஷன்.”

தங்கமணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ராதாகிருஷ்ணன் என்னைப் பார்த்தான். கிள்ளானில் சிரித்த அதே சிரிப்பு. ஒரு தடவை பலித்தது மறுபடியும் பலிக்கும் என்று அவனுக்கு நம்பிக்கை.

“அப்படியாம்மா? அவர் பேரைச் சொல்லுங்களேன், நாங்களும் தெரிஞ்சுக்கறோம்.”

நான் இவரைப் பார்த்தேன். தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இவர் அப்பா எந்த மரத்தடியில் என்று தெரியாமல் கிடக்கிற மாதிரி, இவரும் ஒரு நாள் கிடக்கப்போகிறார். குறைந்தால் குறையட்டும் அந்த ஆயுசு. பெயரில்லாமல் நீண்டு என்ன ஆகப்போகிறது?

“காத்தமுத்து” என்றேன். “காப்பார் ரோட்டுத் தோட்டத்துக் காத்தமுத்து. அதோ, பசை வாளி பக்கத்துல உட்கார்ந்திருக்காரே, அவர்தான். அந்தப் பாம்பும் அவர் எழுதினது, அந்த ரத்தக் கையும் அவர் எழுதினது. இந்த ஆள் எழுதினது அடியில இருக்கிற தன் பேரை மட்டும்தான். தம்பு ஐயா, நீங்க அந்தப் பேரை என் வீட்டு வாசல்ல நின்னு கணக்குல எழுதிக்கிட்டீங்க. இன்னைக்கு மறந்துட்டீங்க போலிருக்கு.”

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ராதாகிருஷ்ணனை நிறுத்தி வைத்து, ‘ஏனய்யா, நீ எழுதவில்லையா?’ என்று ஒரு ஆள் கேட்க வேண்டுமே. கேட்கவில்லை. தங்கமணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்து ஒருத்தி, “அடிப்பாவி, தாலியைக் கழுத்துல வெச்சுக்கிட்டே புருஷன் பேரைச் சொல்றாளே” என்றாள். இன்னொருத்தி சிவ சிவா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆண்களும் அப்படித்தான். திருட்டு ஒருத்தர் கண்ணுக்கும் தெரியவில்லை, என் வாய்தான் தெரிந்தது. தம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பொன்னாடையை வாங்கியாகிவிட்டதால் ராதாகிருஷ்ணனுக்கே போட்டார்கள். அவன் மூஞ்சி மட்டும் வெளுத்துக் கிடந்தது. நல்லம்மாள் கைதட்டவில்லை. எழுந்து வந்து, துணியின் வெறுமனே கிடந்த மூலையைக் குனிந்து பார்த்தாள், இவரைப் பார்த்தாள், வெளியே போய்விட்டாள்.

நானும் இவரும் நடந்து வீட்டுக்குத் திரும்பினோம். வாளியை இவர் தூக்கிக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். ஆற்றுப் பாலத்தில் வாளியைக் கீழே வைத்தார்.

“இன்னொரு தடவை சொல்லு.”

“எதை?”

“பேரை. உன் வாயால கேட்டதே இல்லையே.”

ரோட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது. ஒரு தடவை சொன்னவளுக்கு இன்னொரு தடவை என்ன? சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

மறுநாள் குழாயடியில் இதே பேச்சு. பக்கத்து ஊரான சாலாக் செலாத்தான் வரை போய்விட்டது, அடுத்த வாரம் கிள்ளானுக்கும் போய்விட்டது. பெயிண்டர் பெண்சாதி சபையில் நின்று புருஷன் பெயரைச் சொல்லிவிட்டாளாம். கேட்பவர்கள் என்ன கேட்பார்கள்? ‘என்ன பேரைச் சொன்னா?’ என்றுதான் கேட்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லித்தானே ஆக வேண்டும். ‘காத்தமுத்து’ என்றார்கள். ‘யார் அந்தக் காத்தமுத்து?’ ‘அதான், அந்தப் பாம்பை எழுதினவன்.’ என் மானத்தை வாங்கப் புறப்பட்டவர்கள் அத்தனை பேரும் அவர் பெயரைத் தூக்கிக்கொண்டுதான் தெருத் தெருவாகப் போனார்கள், பேண்டு மட்டும்தான் இல்லை.

அடுத்த தட்டியைக் கொட்டகை வாசலில் நிறுத்தின பிறகுதான் இவர் மூலையில் சிவப்பில் பெயரை எழுதினார். ராதாகிருஷ்ணன் கறுப்பு வர்ணத்தோடு வந்தான். வாசலில் அதற்குள் கூட்டம் நின்றது, பெரும்பாலும் பெண்கள். நான் சொன்ன பெயர் எப்படியிருக்கும் என்று பார்க்க வந்தவர்கள். அத்தனை கண்ணுக்கு முன்னால் அழிக்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. தூரிகையைக் கோட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனான். கோட்டு பாழாகியிருக்கும். ஆகட்டும்.

மழைக்காலத்தில் இவருக்கு இன்னும் காய்ச்சல் வருகிறது. வரும்போதெல்லாம் தெருவில் என் வாயைத்தான் குற்றம் சொல்கிறார்கள், கொசுவை ஒருத்தரும் சொல்வதில்லை. காத்தமுத்துவின் ஆயுசைக் குறைக்கப் பிறந்தவள் என்று தங்கமணியே என் காதுபடப் பேசுகிறாள். பேசட்டும். பெயரைச் சொல்லிப் பேசட்டும்.